வாசகம்: அப்பா

என் மனைவியின் அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குடும்பச் செபப் புத்தகம் கொண்டுவருவார். முத்தியால்பேட்டையிலிருந்து கேக் பெட்டியும் புத்தகமுமாக வந்து நெல்லித்தோப்பில் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் கிராமத்து விவசாயக் குடும்பம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்தவன். பிள்ளைகள் அம்மாவோடு சர்ச்சுக்குப் போகட்டும் என்று கல்யாணத்தின்போதே ஒப்புக்கொண்டேன். சொன்ன சொல்லை இன்றுவரை மீறியதில்லை.

ஒரு வருஷம் அவர் கொண்டுவந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ‘செபிக்கும் குடும்பத்தினர்’ என்று ஒன்று. ‘யாருக்காகச் செபிக்கிறோம்’ என்று இன்னொன்று. மச்சானே தன் அழகான கையெழுத்தில் இரண்டையும் நிரப்பியிருந்தார். முதலாவதில் என் மனைவி, மகன், மகள். இரண்டாவதில் நான் மட்டும். என் வீட்டில், நான் ஆணி அடித்து மாட்டிய இயேசு படத்துக்குக் கீழே, என்னைக் குடும்பத்திலிருந்து பிடுங்கி அடுத்த பட்டியலில் போட்டுவிட்டார். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் தட்டாஞ்சாவடியில் பட்டறை வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். உள்ளே செபம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் படித்த மகள் கண்ணை மூடிக்கொண்டு, “எங்கப்பா நரகத்துக்குப் போவக்கூடாது சாமி” என்றாள். இயேசுவைக் கும்பிடாத அப்பாக்கள் எங்கே போவார்கள் என்று மாமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்னைச் சொன்னதைக்கூட விட்டிருப்பேன். குழந்தையைப் பயமுறுத்தியதை விட முடியாது. இந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஓயக்கூடாது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் முடிவு செய்தேன்.

நவம்பரில், அவர் முந்திக்கொள்ளும் முன், நானே கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு சிஸ்டர் இருந்தார்.

“பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?”

“பையன் ஏழாவது, பொண்ணு நாலாவது.”

“எந்தப் பங்கு நீங்க?”

மனைவி போகும் சர்ச்சின் பெயரைச் சொன்னேன். அவர் எடுத்துப்போட்ட புத்தகங்களை ஒரு மணி நேரம் புரட்டினேன். ஒன்றில் படமெல்லாம் பனியில் விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒன்று முழுக்கக் கேள்வித்தாள், மகன் பார்த்ததும் ஓடிவிடுவான். இன்னொன்றில் எல்லாவற்றையும் அம்மாதான் சொல்லித்தர வேண்டும், அப்பா என்று ஒரு ஆளே கிடையாது. நாலாவது புத்தகத்தில் நான் தேடியது இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் யார் எதைச் செய்யவேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். வேண்டுதல், பிள்ளைகள். பாட்டு, அம்மா. வாசகம், அப்பா. அப்பா இல்லாத நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். இல்லை.

“நல்லா பாத்துதான் வாங்குறீங்க” என்றார் சிஸ்டர். ஆமாம் என்றேன்.

அதிலும் முதல் பக்கத்தில் அந்த இரண்டு பட்டியல்கள் இருந்தன. முதலாவதில் என் பெயரை மேலே எழுதினேன். இரண்டாவதில் மச்சானின் பெயரை மட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தின் முதல் நாளே தொடங்கினோம். தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பைபிள் வாசகம் படித்தேன். நன்றாகவே படித்தேன். பிறகு எல்லோரும் சொல்லும் செபத்தையும் சேர்ந்து சொன்னேன், ‘எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல’ என்ற அந்த ஒரு வரியைத் தவிர. அந்த இடம் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் மச்சான் வந்தார், கேக்கோடும் புதுப் புத்தகத்தோடும். நான் கையில் கிரீஸோடு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

“வாங்க, செபத்த ஆரம்பிக்கலாம்” என்று அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

“இருங்க மாமா, அப்பா குளிச்சிட்டு வரட்டும். அப்பாதான் வாசகம்” என்றான் மகன்.

அன்று நான் தலைக்குக் குளித்தேன். சோப்பு இரண்டு தடவை. வாளி காலியான பிறகும் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே அவர் இருமுவது கேட்டது. ஆனந்தமாக இருந்தது.

வாசகம் முடிந்ததும் மகன் பட்டியலைப் படித்தான். “எங்க மாமாவுக்காக வேண்டுகிறோம்.”

மச்சான் முகம் சிவந்தது. “எனக்கு எதுக்குடா?”

“எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் மச்சான்” என்றேன். என் மனைவி நிமிரவே இல்லை.

அப்போது மகள் கண்ணை மூடினாள். “எங்கப்பா நரகத்துக்குப் போவக்கூடாது சாமி.”

“ஆமென்” என்றார் மச்சான், எல்லோருக்கும் முந்தி, சத்தமாக.

அவர் போன பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். “அப்பாதான் தெனமும் ஒங்ககூட ஒக்காந்து படிக்கிறேனே பாப்பா. இன்னும் ஏம்மா அப்படி வேண்டிக்கிற?”

“மன்னிக்கிறது வரும்போது நீ மட்டும் வாய மூடிக்கிறப்பா” என்றாள். “நான் தெனமும் பாக்குறேன்.”

மறுநாள் அந்த வரி வந்தபோது அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாயை அசைத்தேன். சத்தம் வரவில்லை.