தினமும் ஒரு புது எண்

அந்த வீட்டுக்காரர் பல் துலக்கிய ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படுக்கையில் இருக்கும் மனைவியின் போனைத் தலையணைக்குப் பக்கத்திலிருந்து மெல்ல உருவி, பால்கனிக்குப் போய்விடுவார். செட்டிங்ஸில் உள்ளே உள்ளே போய் எதையோ அழுத்துவார். சரியாக மாறியதா என்று இன்னொரு முறை போய்ப் பார்ப்பார். பிறகு அவள் விழிப்பதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். நான் காலைப் பணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இது நடந்துகொண்டிருக்கும்.

முதலில் நான் தப்பாக நினைத்தேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பல வீடுகளுக்குப் போகிறவள் நான். மனைவியின் போனைத் துருவுகிற கணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டேவிட்டேன்.

"துருவலை சிஸ்டர், தொடைக்கிறேன்" என்றார்.

அவருடைய உத்தியோகம் அப்படி. ஒவ்வொரு போனுக்கும் விளம்பரக்காரர்களுக்கென்றே ஒரு நீளமான எண் உண்டாம். ஒருவர் போனில் ஒரு விளம்பரத்தைத் தொடுகிறார். மறுநாள் அந்த ஆப்பை இறக்கிக்கொள்கிறார். "என் விளம்பரத்தால்தான் வந்தார்" என்று நாலு கம்பெனிகள் அடித்துக்கொள்ளும். தொட்ட போனின் எண்ணையும் இறக்கிய போனின் எண்ணையும் பொருத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இவர் வேலை. "பேர் தெரியாது, முகம் தெரியாது. நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு என்ன வேணும்னு தெரியும்" என்பார். மனைவி அவருக்கு வைத்திருக்கும் பெயர் நம்பர் சார். "நம்பர் சார், தண்ணி" என்று ஒரு குரல் கேட்டால் போதும், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாலும் காதில் மாட்டிய ஹெட்போனோடு தம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

அந்த எண்ணை மாற்றிவிட்டால் போன் யாரோ புது ஆளுடையதுபோல ஆகிவிடுமாம். முன்பு என்ன பார்த்தது, என்ன தேடியது என்பதெல்லாம் விளம்பரக்காரர்களுக்கு அறுந்துபோகும். மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். மருத்துவர்கள் கையை விரித்தாயிற்று. அவளிடம் இவர் சொல்லியிருப்பது வயிற்றுப்புண். உடம்பு தேறியதும் சிகிச்சை ஆரம்பிப்பார்கள் என்றும் சொல்லி வைத்திருந்தார். படுத்தபடி அவள் வலியைப் பற்றி எதையாவது தேடப்போக, அதை மோப்பம் பிடித்துக்கொண்டு கடைசிக்காலப் பராமரிப்பு அது இது என்று விளம்பரம் வந்து நின்றால்?

"நான் சொல்லாததை அது சொல்லிடும் சிஸ்டர். எனக்குத் தெரியாதா? நான்தானே ஆள் புடிச்சுக் குடுக்கிறவன்."

மாத்திரைப் பட்டைகளிலும் பெயரைச் சுரண்டி வைத்திருந்தார். அதற்கு மட்டும் நான் சத்தம் போட்டேன். "போன்ல என்ன வேணா பண்ணுங்க தம்பி. மருந்துல கை வெச்சா நாளைக்கு நான் வரமாட்டேன்." அன்றே புதுப் பட்டை வாங்கிவந்தார். கெட்ட மனிதர் இல்லை. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவதில் என்னையே மிஞ்சுவார். ஆனால் "எனக்கு அப்புறம்..." என்று அவள் ஆரம்பித்தால் "ஒரு ஆபீஸ் கால் இருக்கு" என்று எழுந்துவிடுவார்.

ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது அவளே பேச்செடுத்தாள். "அக்கா, முன்னெல்லாம் என் போன்ல பூத்தொட்டியும் பின்னல் நூலும்தான் வரும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து பாருங்க, ஜிம்மு, மோட்டார் பைக்கு, ஆம்பளைங்க ஷேவிங் கிரீமு. என் போனுக்கே என்னை யாருன்னு தெரியலை. இவர் தொழில் எனக்குத் தெரியாதா? நம்பரை இவர்தான் அழிச்சுக்கிட்டே இருக்கார். இவ்வளவு மெனக்கெட்டு மறைக்கிறார்னா அது வெறும் வயித்துப்புண்ணா?"

"அவர்கிட்ட கேட்டுடறதுதானே?"

"கேட்டா உடைஞ்சு போயிடுவார். அவரா சொல்லட்டும்னு இருக்கேன். ஆனா அதுக்குள்ள எனக்குப் பேச்சு போயிடும்போல. இவர் தனியா எப்படி இருக்கணும்னு கொஞ்சம் சொல்லணும் அக்கா. மனுஷனுக்கு வாஷிங் மெஷின் போடக்கூடத் தெரியாது."

எங்கள் வேலையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடக் கூடாது. முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, சட்டையை மாட்டிவிட்டேன்.

வலி மருந்தைக் கூட்டியபின் நாள் முழுக்க அரைமயக்கம்தான். காலையில் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பாள். கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவர் பால்கனியில் அவள் போனோடு கழித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு காலை, போனுக்காக அவர் கை நீட்டியபோது அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"விடுங்க நம்பர் சார். இன்னிக்கு அழிக்க வேண்டாம்."

"எதை? சார்ஜ் போடத்தான் எடுத்தேன்."

"தெரியாத வேலை எதுக்கு? பொய் சொல்ல வருதா உங்களுக்கு? தினமும் என்னைப் புது ஆளாக்கிட்டே இருக்கீங்க. எனக்குப் பைக் வேண்டாம். நான் போற இடத்துக்கு அது தேவையில்லை."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா சிஸ்டர்?"

"நான் வாயே திறக்கலை தம்பி."

"அங்க என்ன பார்வை? என்னைப் பாருங்க" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும்."

மேஜையில் கம்ப்யூட்டர் மணியடித்தது. "ஒரு கால்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மணி அடித்து ஓய்ந்தது.

"உக்காருங்க. மெஷின் போடறது எப்படின்னு சொல்றேன். கேட்டுக்கிட்டே இந்த நகத்தை வெட்டிவிடுங்க, போர்வைல மாட்டிக்கிட்டே இருக்கு."

அது என் வேலை. நகவெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணியைத் தனியாகப் போட வேண்டும், சட்டைப் பையைத் தடவிப் பார்க்காமல் போடக் கூடாது என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ம்" என்றார். "சோப்புத் தூளை அள்ளிக் கொட்டாதீங்க, மெஷின் நுரையைக் கக்கும்" என்றாள். அதற்கும் "ம்". விரல் விரலாக வெட்டினார்.

ஒரு கை முடிந்ததும் குப்பைத் தட்டை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. உள்ளங்கையில் சேர்ந்திருந்த நகத் துண்டுகளை ஒன்று விடாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கையை எடுத்தார்.