கன்னாபினாய்ட்ஸ் என்று சுத்தமாகச் சொன்னவர்

மைசூரில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த அந்த டிரைவர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கர்நாடக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு நாங்கள் செய்த சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டில், ஒரு வார்த்தையின் கீழ் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தார்.

“கன்னாபினாய்ட்ஸ்னா கஞ்சாதானுங்களே மேடம்?”

எங்கள் டாக்டர்கூட அதை அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

“கஞ்சாச் செடியில இருக்கற ரசாயனங்களுக்கு மொத்தமா வெச்ச பேரு. எல்லா டிரைவருக்கும் அதைப் பார்ப்போம். உங்களுக்கு இல்லைன்னுதான் பக்கத்துலயே ‘நெகட்டிவ்’னு போட்டிருக்கே!”

விரல் நகரவில்லை.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டனுங்களே. ரூம்ல எங்கூட இருக்கறவன் போன்ல அர்த்தம் பார்த்துச் சொன்னான். ரிப்போர்ட்டக் காட்டறதுக்கு முன்னாடி நாமளே ஒத்துக்கிட்டா வேலையாவது மிஞ்சும்னு, இனிமே கஞ்சா குடிக்க மாட்டேன்னு சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டனுங்க.”

“குடிப்பீங்களா?”

“பீடிகூட இல்லீங்க. பேப்பர்லயே வந்திருச்சே, நமக்குத் தெரியாம எப்படியோ உள்ள போயிருக்கும்னு நெனச்சனுங்க.”

எனக்குக் கோபமே வந்தது. “இப்பவே போய் ரிப்போர்ட்டக் காட்டுங்க” என்றேன்.

“காட்டினா, அப்பறம் எதுக்கு அப்படி எழுதிக் குடுத்தேன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றதுங்க?”

அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார், கட்டைவிரலை எடுக்காமலே.