ஒரு பட்டை ஜாஸ்தி

என் முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "வண்டியோட பட்டை செத்துப்போச்சு டாக்டர். பழைய வண்டி பாருங்க." டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். சாயங்காலம் செங்கம் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அம்பாசிடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின் சீட்டில் இருந்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்த அவருடைய போன் மினுங்கியது. அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைக்கோடுகூட அடிக்காத ஒரு புது வேகத்தடை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. என் தலை கூரையில் இடித்தது, திரும்பப் பொத்தென்று சீட்டில் விழுந்தேன், இடுப்பிலிருந்து குதிகால்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் இறங்கிவந்து கதவைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "பட்டை செத்துப்போச்சு."

பட்டை என்றால் வண்டியின் பின்பக்கத்தில் அடுக்கடுக்காக வில் மாதிரி வளைத்துக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் தகடு. அது செத்துத்தான் போயிருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்த பட்டையோடு அந்த வண்டி எத்தனையோ மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அவர் போனைப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: போனைப் பார்த்தேன், மேட்டைப் பார்க்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று நானும் வீம்பாகக் காத்திருந்தேன்.

டாக்டர் ஆறு வாரம் படுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஆபீஸ் போகலாம், ஆனால் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கூடாது, இன்னொரு தடவை இப்படிக் குலுங்கினால் ஆபரேஷன்தான் என்றார். என் வேலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஒரு கார் வாடகைக்குப் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கறப்ப வாடகை வண்டியா? நீ ஆபீஸ் போற அன்னிக்கு இது பஞ்சு மெத்த மாதிரி போவும், பாரு."

என் கணவர் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே தன்னை எஞ்சினியர் என்று நம்புகிறவர். அந்த அம்பாசிடரை அவருக்குக் கொடுத்தவர் ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் வருஷக்கணக்காக இருந்த ஒரு வெள்ளைக்காரர். ஊருக்குப் போகும்போது அவர் வண்டியைத் தடவிக்கொடுத்து அழுதார். என் கணவரும் கூடச் சேர்ந்து அழுதார். கல்யாணமாகி என் அப்பா வீட்டிலிருந்து கிளம்பியபோது நான் அழுததற்கு, "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொன்ன மனிதர்.

புதுப் பட்டை வாங்கிப் போட்டால் விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் கடையில் புதுசு வாங்குவது அவருக்குத் தோற்றுப்போகிற மாதிரி. பஸ் ஸ்டாண்டு தாண்டி இருக்கும் காயலான் கடைக்குக் காலையில் போவார், மத்தியானம் கை நிறைய இரும்போடு வருவார். முதலில் வந்தது உடைத்துப் போட்ட ஜீப்பின் பட்டை. நல்ல எஃகு, இப்போதெல்லாம் இப்படி வராது என்று அதைத் தட்டித் தட்டி எனக்குச் சத்தம் கேட்கவைத்தார். அகலம் ஒத்துவரவில்லை. இரும்பு கேட், கிரில் செய்கிற பட்டறையில் கொடுத்து இரண்டு நாள் ராவி எடுத்தார். அடுத்தது ஒரு ஸ்கூல் வேனின் ஷாக் அப்சர்பர் இரண்டு. அதைப் பொருத்துவதற்கு அதே கிரில் பட்டறையில் இரும்புத் துண்டுகளை வைத்துப் பற்றவைத்தார். நீளம் ஜாஸ்தி. வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குனிந்து தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி வாசலில் ஒரு வாரம் நின்றது.

"பட்டையில ரெண்ட கம்மி பண்ணா எறங்கிடும்" என்றார்.

இரண்டைக் கம்மி பண்ணினார். ரொம்பவே இறங்கிவிட்டது. சைலன்சர் தரையைத் தேய்த்துக்கொண்டு, தெருமுனைவரை போய்வந்த சத்தத்தில் நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

நான் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தேன். அந்த நிலையில் மனுஷிக்குக் காது ரொம்பக் கூர்மையாகிவிடுகிறது. கூடத்தில் அரம் ராவுகிற சத்தம். சமையலறையில் என் தோசைத் திருப்பி எதையோ சுரண்டுகிற சத்தம். ஒரு நாள் பின்கட்டில் பிளாஸ்டிக் அறுக்கிற சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டால், நாங்கள் தண்ணீர் பிடித்துவைக்கிற நீல டிரம். அதைத் துண்டு துண்டாக அறுத்துப் பட்டைகளுக்கு நடுவில் வைத்தால், இரும்போடு இரும்பு உரசாமல் வழுக்கிக்கொண்டு போகுமாம். தண்ணீர் எதில் பிடிப்பது என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை.

சோதனைக்கு என் தோசை மாவு. பாத்திரத்தில் கழுத்துவரை மாவை ஊற்றி, பின் சீட்டில் நான் உட்காரும் இடத்தில் வைத்து, கிரிவலப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். எவ்வளவு வழிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. முதல் வாரம் பாதிப் பாத்திரம் சீட்டில் இருந்தது. அம்பாசிடருக்குள் புளித்த வாசனை இன்றைக்கும் போகவில்லை.

பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. என் அக்கா போளூரிலிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாள். என்னை இரண்டு நிமிஷம் பார்த்தாள். மிச்ச நேரம் முழுவதும் வண்டிக்கு அடியில் குனிந்து, பட்டை எப்படிச் செத்தது, அதனால் என் முதுகு எப்படிப் போனது என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது, "பாவம்டி, அவரு எவ்ளோ பாடுபடறாரு" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தேன். திரும்பவும் முடியவில்லை.

கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுத்தார். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார், நன்றாகவே வைத்தார். பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவ்வளவும் செய்ய முடிகிற மனுஷனுக்கு ஒரு வரி சொல்வதில் என்ன கஷ்டம்? வெந்நீர்ப் பையை இடுப்புக்கடியில் வைக்கும்போதெல்லாம், இதோ சொல்லப்போகிறார் என்று நினைப்பேன். அவர், "டிரம் துண்டு நல்லா வேல செய்யுது" என்பார்.

ஐந்தாவது வாரம் மாவு வழியவில்லை. ஒரு சொட்டுக்கூட. பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் பிரசாதம் மாதிரி கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, மறைப்பானேன்.

பிரதானப் பட்டையில் வளைவு மட்டும் போதவில்லை, சூடேற்றி வளைக்க வேண்டும், அது வீட்டில் ஆகாது என்று வெள்ளிக்கிழமை வண்டியை ஸ்பிரிங் பட்டறையில் விட்டார். பட்டறை வேலூர் ரோட்டில், வேங்கிக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். சனிக்கிழமை மத்தியானம், பௌர்ணமிக்கு முந்தின நாள் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு மலை சுற்றுகிற கூட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியாது. ஆகவே மாவுச் சோதனை நடக்கவில்லை. திங்கட்கிழமை என் லீவு முடிந்தது.

டாக்டர் கொடுத்த இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆறு வாரத்துக்குப் பிறகு புடவை உடுத்தி, பின் சீட்டில் ஏறினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இப்பப் பாரு" என்றார். மெதுவாகத்தான் ஓட்டினார். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு சின்ன மேடு. வண்டி துளிகூட வளைந்து கொடுக்காமல் கட்டையாக ஏறிக் கட்டையாக இறங்கியது. இடுப்பில் சுளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முன் சீட்டைப் பிடித்தேன்.

"இதுவாங்க பஞ்சு மெத்த?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இல்லியே, இப்படி இருக்காதே" என்று அதையே சொல்லிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டி, நேராக ஸ்பிரிங் பட்டறைக்குப் போனார்.

அங்கே பத்துப் பதினைந்து ஷேர் ஆட்டோவும் வேனும் வரிசையில் நின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சார். நீங்களும் எடுக்க வந்துட்டீங்களா?"

"எத எடுக்க?"

"எக்ஸ்ட்ரா பட்டையத்தான். பௌர்ணமி முடிஞ்சிச்சில்ல."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் ஆள் ஏற்றுகிற வண்டி எதுவானாலும் பௌர்ணமிக்கு முன்னால் பட்டறைக்கு வந்து ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளும். நாலு பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேரை ஏற்ற வேண்டுமே. முடிந்ததும் வந்து கழற்றிக்கொள்ளும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு அம்பாசிடர் வந்திருக்கிறது, பார்த்தால் இருக்க வேண்டிய பட்டையிலேயே குறைகிறது. பாவம் சார் மறந்துவிட்டார்போல என்று பட்டறைக்காரர் தாமாகவே ஒரு கனத்த பட்டையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். டிரம் துண்டுகளைக் குப்பை என்று நினைத்து உருவிப் போட்டுவிட்டார்.

என் கணவர் சாமி வந்த மாதிரி ஆடினார். "யாரக் கேட்டுப் போட்ட? பின்னாடி யாரு உக்காந்திருக்கானு தெரியுமா உனக்கு? அவ முதுகு என்னாவும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? இன்னொரு தடவ அடிபட்டா ஆபரேஷன்யா!"

பட்டறைக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "தப்புதான் சார். உங்களக் கேட்டிருக்கணும். கேக்காம போட்டுட்டேன்" என்றார். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "என் தப்புதாம்மா. ரொம்ப வலிக்குதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. ஆறு வாரமாக ஒருவரிடமிருந்து எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கிடைக்காததை, முன்பின் தெரியாத ஒரு மனுஷர் கையில் கிரீஸோடு நின்று அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டார். பக்கத்தில் என் கணவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"போதும், நிறுத்துங்க" என்றேன். "அவரு கேக்காம போட்டாரு, தப்புனு சொல்லிட்டாரு. நீங்க அன்னிக்கு போனப் பாத்தீங்களே, அத எப்பங்க சொல்லப் போறீங்க?"

டீ கிளாஸ்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. பட்டறைக்காரர் விவரமானவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மேலே சாக்கை மடித்துப் போட்டு என்னை மெல்ல இறக்கி உட்காரவைத்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு அடியில் புகுந்துகொண்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கணவரும் பின்னாலேயே புகுந்துகொண்டார். எனக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்.

கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். பிறகு அது நின்றது.

"நீ பாத்தியா?" என்று அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"பாத்தேன்."

"குட் மார்னிங் மெசேஜு. சாயங்காலம் எவனோ அனுப்பிச்ச குட் மார்னிங். ரோஜாப்பூ படம்." ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அதுக்குத்தான் தலையத் திருப்பினேன். அதுக்குத்தான் நீ ஆறு வாரமா எழுந்திருக்க முடியாம கெடந்த. இத எப்படிச் சொல்றது? வண்டி மேல போட்டுட்டேன். என்னாலதான் ஆச்சு. என்னாலதான்."

அவர் இதைச் சொல்லும்போது நான் என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று படுத்துக்கொண்டே தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல காரமான வாக்கியங்கள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"டாக்டர்கிட்டயும் சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்."

"எங்க அக்காகிட்டயும்."

கால்கள் அசைந்தன. "அவங்ககிட்டயுமா?"

"வண்டிக்கடியில குனிய வெச்சி விளக்கம் சொன்னீங்களே."

"சரி. சொல்றேன்."

கூடுதல் பட்டை கழன்றது. குப்பையில் கிடந்த நீலத் துண்டுகளைப் பொறுக்கித் துடைத்துத் திரும்பச் செருகினார்கள். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. வண்டி மட்டும் மெத்தென்றுதான் போனது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வளைவு தெரிகிற இடத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார். கியரை எடுத்தார், ஹேண்ட் பிரேக் இழுத்தார், போனை எடுத்து, யாரென்று பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

"இத நீ வெச்சிக்கோ" என்றார்.

அந்தக் கையை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மணிக்கட்டுவரை வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள், கட்டைவிரலில் டிரம் அறுத்த வெட்டு, நகம் ஒன்று கறுத்துச் செத்துப்போயிருந்தது. ஆறு வாரம் இந்தக் கைதான் வெந்நீர்ப் பையை வைத்திருக்கிறது, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். போன் அடித்து ஓய்கிறவரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "போங்க, ஆபீஸுக்கு லேட்டாச்சு" என்றேன்.