மூன்றரை மணிச் சங்கு

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். நாசரேத்தில் டிரெயினிங் முடித்து, எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிது. கண்டிக்காவிட்டால் பிள்ளைகள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

கணக்கு எப்போதும் கடைசிப் பீரியட்தான். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எதைக் கேட்டாலும் முழிப்பாள். ஏழெட்டு எவ்வளவு என்றால் வாசலைப் பார்ப்பாள். "ஏளா, மண்டையில என்ன களிமண்ணா?" என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! அவள் கால் பரீட்சையில் எண்பத்தாறு வாங்கியிருந்தாள். கடைசிப் பீரியடில் பேப்பரைக் கொடுக்கும்போது எனக்கு வந்ததே ஆத்திரம்! பரீட்சை காலையில் நடந்தது என்பது என் புத்தியில் உறைக்கவேயில்லை.

"பக்கத்துல பாத்துத்தான எழுதுன?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அப்புறம் எனக்கென்ன சந்தேகம்?

அவள் அப்பாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட். மில்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மில் வாசல் காவலாளியிடம் சீட்டு கொடுத்தனுப்புவது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி வெளியே வரும்போது தகப்பன் கையில் சேர்ந்துவிடும். 'உங்கள் மகள் பரீட்சையில் பார்த்து எழுதினாள். கண்டித்து வைக்கவும்' என்று எழுதி, மறுநாள் மத்தியானம் பியூனிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று கடைசிப் பீரியடில் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, பரீட்சையில் வந்த அதே கணக்கைக் கொடுத்தேன்.

"இப்பப் போடு, பாப்போம்."

சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். மூன்றரைக்கு மில் சங்கு ஊதியது. சாக்பீஸ் கீழே விழுந்தது. அவள் என் மேசைக்கு அடியில் புகுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. நடிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். குனிந்து கையைப் பிடித்து இழுத்தேன்.

"அடிக்காதியப்பா" என்றாள். என்னைப் பார்த்து!

பாவாடை நனைந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தெருக்காரப் பிள்ளை ஒன்று எழுந்தது.

"சங்கு ஊதுனா அவ அப்பா வந்துருவாவ, டீச்சர். குடிச்சிட்டுத்தான் வாராவ. அவ அம்மா மீன் வித்துட்டு வரப் பொழுது அடஞ்சிரும். அதுவரைக்கும் பெல்ட்டால அடிப்பாவ. ஒண்ணாப்புலருந்தே இப்படித்தான்."

ஐயோ, என் சீட்டு!

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு மில்லுக்கு ஓடினேன். காவலாளி, "அப்பவே குடுத்துட்டேனே, டீச்சர். வாசிச்சிட்டு வேகமாப் போனாவ" என்றார், ஏதோ நல்ல சேதி போல.

நான் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் மீன் கூடையோடு போயிருந்த அவள் அம்மாவைத் தேடி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். அந்தம்மா சீட்டு விஷயம் கேட்டதும் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மகளோடு ஆத்தூர் பஸ் ஏறினாள். அங்கே அந்தம்மாவின் தங்கச்சி வீடு இருந்தது. பிள்ளை அங்கேயே தங்கிப் படித்தது.

வெகுகாலம் கழித்து ஒரு மனநல மருத்துவர் எனக்கு விளக்கினார். சின்ன வயதிலிருந்தே அடிக்குப் பயந்து வளரும் பிள்ளையின் மூளை, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே பழகிவிடுமாம். அந்த நேரத்தில் பாடம் ஏறாதாம், படித்ததும் வராதாம். வளர்ந்த பிறகும் சிலரை அந்தப் பயம் விடாதாம். களிமண் என்றேனே, பாவி! அவர் சொன்னதை அந்தப் பிள்ளை என்னிடம் அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளையூரணிக்குப் போகிற வழியில் அவளிடம் கேட்டிருந்தேன்: "பாத்து எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சங்கு ஊதுத நேரம் வந்துட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, டீச்சர். நீங்க சொன்னதும், பாத்துத்தான் எழுதியிருப்பேன்னு நானே நெனச்சிட்டேன்."