சித்தப்பா இருந்த இரும்பு அறை

என் சித்தப்பா எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல்களுக்கு அடியில் மூழ்கி வேலை செய்பவர். கப்பலின் விசிறியில் வலையோ கயிறோ சிக்கினால் கீழே போய் அறுத்துவிட்டு வருவார். ஒரு நாள் காற்றுக்குழாயில் ஏதோ கோளாறு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டார். வந்தவர் டீ குடித்தார், வீட்டுக்கு வந்து படுத்தார். சாப்பிட எழுந்தபோது கால்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

சித்தி நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு கால்களிலும் சூடு பறக்கத் தேய்த்தாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த துறைமுக மேஸ்திரிதான் அவரை ஜீப்பில் ஏற்றினார். அம்மாவும் அப்பாவும் மாயாபந்தர் போயிருந்ததால் நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டில் இல்லை. பெரிய இரும்பு உருளை ஒன்று இருந்தது. அதன் பக்கவாட்டில் வட்டமான கண்ணாடி ஜன்னல். ரத்தத்தில் காற்றுக்குமிழிகள் சேர்ந்துவிட்டன, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுத்தால் கரைந்துவிடும் என்றார் டாக்டர். கடலுக்கு அடியில் இருந்தவரைத் தண்ணீர் இல்லாமல் மறுபடியும் அங்கேயே அனுப்புகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். அது அவ்வளவு தப்பும் இல்லை.

அங்கிருந்த ஊழியர் சித்தப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். எண்ணெய் கூடாது என்று பாதி இந்தியில் சொன்னார்.

"தேல் நஹி சலேகா, தீதி. உள்ளே ஆக்சிஜன் இருக்கு. எண்ணெய் இருந்தா தீ பிடிச்சுக்கும்."

அத்தனை பாடுபட்டுத் தேய்த்ததையெல்லாம் சித்தியே சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்தாள்.

கதவு மூடியதும் அவள் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

"பாப்பா, நீ போய்ப் பாரு. கால் அசையுதான்னு மட்டும் சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா முகமூடியோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வந்து அதைச் சொன்னேன்.

"நான் காலைக் கேட்டேன்."

இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

தினமும் அவரை உள்ளே வைத்தார்கள், தினமும் நான் பார்த்துச் சொன்னேன். ஒரு நாள் பெருவிரல் அசைந்தது. ஓடிவந்து சொன்னேன். எந்தக் காலில் என்று கேட்டாள். வலது காலில் என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு இடது காலும் வந்தது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறையாக. நடந்து பழகச் சொல்லி அனுப்பினார்கள். மாலையில் நாங்கள் மூவரும் மின்னி பே கடலோரம் போவோம். சித்தப்பா திடீர் திடீரென்று நின்று என் தோளில் கை வைப்பார்.

"அந்தக் கப்பல் மெயின்லேண்ட் போகுதா, அங்கேருந்து வருதா? சொல்லு பாப்பா."

எனக்கு உடனே தெரியும். வாயைத் திறப்பதற்குள் சித்தி குறுக்கிடுவாள்.

"அவசரப்படாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

இவ்வளவு சுலபமான கேள்விக்கு எதற்கு யோசனை என்று எனக்கு எரிச்சலாக வரும். அந்த அவகாசம் எனக்காக அல்ல, தோளில் கனத்துக்கொண்டிருந்த அந்தக் கைக்காக என்பது அப்போது தெரியவில்லை.