தகர ஓட்டையில் சிறுத்த சூரியன்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பரமலிங்கத்தாரைப் போலப் பயந்த மனிதரும் இல்லை, அவரைப் போலப் பிடிவாதக்காரரும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடியிருந்தன என்பது அவருடைய மனைவி இரத்தினம்மாவுக்கே இருபத்தேழு வருடமாக விளங்கவில்லை. மலாயா ரயில்வேயில் பாலங்களுக்குப் படம் கீறுவது அவருடைய உத்தியோகம். அவர் கீறிய பாலங்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஆனால் அவற்றின் மேல் ரயில் ஏறும்போது, பெட்டிக்குள் இருந்த பரமலிங்கத்தார் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேவாரம் சொல்லுவார்.

பென்சன் எடுத்து ஊருக்கு வந்தவர், பழைய மண்வீட்டுக்குப் பக்கத்தில் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். அத்திவாரம் முழங்கால் உயரம் வந்தபோது, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில், கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அண்டம் விரிகிறது என்று வாசித்தார். நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றனவாம். ஆனால் சூரியனையும் கிரகங்களையும் ஈர்ப்பு கட்டி வைத்திருப்பதால் நமக்கு ஒரு மோசமும் இல்லையாம். ஊரில் அதை வாசித்த வேறு இரண்டு பேரும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பரமலிங்கத்தாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"சோறு பொங்கேக்கை பானை ஓரத்திலை கிடக்கிற பருக்கை மட்டுமோ பொங்கும்? நடுவிலை கிடக்கிறது சும்மா கிடக்குமோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"முதல் நீங்கள் உந்தச் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்றாள் இரத்தினம்மா.

அவருடைய கொள்கை இப்படித்தான் பிறந்தது. வெளி என்பது எங்கும் ஒன்றுதான். தூரத்தில் விரிகிற வெளி, சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் மட்டும் விரியாமல் இருக்க அதற்கு என்ன மரியாதை? ஆகவே பூமி வருடா வருடம் சற்றுப் பெரிய வட்டத்தில், சற்று மெதுவாக ஓடுகிறது. சூரியனின் பிடி தளர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் பூமி கயிறு அறுத்த கன்று மாதிரிக் கழன்றுவிடும். அதன் பிறகு இருட்டு, குளிர். கல்வீட்டு வேலை அன்றோடு நின்றது. சூரியன் இல்லாத ஊரில் கல்வீடு எதற்கு?

கொள்கைக்குச் சாட்சி வேண்டுமே. தென்னோலைக் கிடுகுக் கூரை வீட்டில் வாழ்ந்தவர் எவருக்கும் தெரியும், கூரைப் பொத்தலால் இறங்கும் வெயில் நிலத்தில் வட்டமாகத்தான் விழும். அந்த வட்டம் சூரியனுடைய படம். சூரியன் தூரப் போனால் படம் சிறுக்கவேண்டும். பரமலிங்கத்தார் ஒரு பிஸ்கட் பேணியின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். அறையின் முகட்டு வளைமரத்தைத் தாங்கும் பனந்தூணான நடுக்கப்பின் உச்சியில், கிடுகை ஒரு சாண் விலக்கி, ஓட்டை கப்புக்கு வெளியே நீட்டி நிற்க அந்தத் தகரத்தை அடித்தார். சித்திரை இரண்டாம் நாள், வருடப்பிறப்புக்கு மறுநாள், யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். அன்று மத்தியானம் நிலத்தில் கடதாசி விரித்து, விழுந்த வட்டத்தைக் கவராயத்தால் கீறிக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் கீறிய வட்டம் பழைய வட்டத்துக்கு உள்ளே போய் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு பென்சில் கோட்டின் இடைவெளி.

பரமலிங்கத்தார் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதே இடைவெளி. அன்று முதல் சித்திரை வெக்கையிலும் கம்பளிப் பெனியன் போடத் தொடங்கினார். காலையில் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீருக்குள் விரலை விட்டு, நேற்றையிலும் பார்க்கக் குளிர்கிறதா என்று யோசித்தபடி நிற்பார்.

கூரையில் மட்டும் ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். ஊரெல்லாம் வருடம் தவறாமல் கூரை வேய்ந்தது. இவர் வீட்டில் ஓரங்களை மட்டும் வேய்ந்துகொள்ளலாம், முகட்டுப் பக்கம் போகக்கூடாது. தகரம் ஒரு நூல் அசைந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். மாரி மழை தகரத்தடியால் இறங்கிக் கப்பு வழியே வழிந்தது. இரத்தினம்மா கீழே சட்டி வைத்தாள்.

முப்பத்துநாலாம் ஆண்டு மாசியில் ஒரே மகள் பாலேஸ்வரி தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். மறைவும் காற்றும் உள்ள அறை அது ஒன்றுதான். நடுக்கப்புக்குப் பக்கத்தில் அவளுக்குப் பாய் விரித்தார்கள். மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் பரமலிங்கத்தார் விரல் விட்டு எண்ணினார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு எத்தனை சித்திரை மிச்சம்?

பாலேஸ்வரி பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்தவள். தகப்பனை விடமாட்டாள்.

"ஐயா, பூமி தூரப் போனால் வருசம் நீளும் எண்டு நீங்கள்தானே சொன்னனியள். பஞ்சாங்கத்திலை ஒரு நாளும் கூடேல்லையே?"

"நாளும் சேந்து நீளுது பிள்ளை. நாளே நீண்டால் எண்ணிக்கை எப்பிடிக் கூடும்?"

"அப்ப மணிக்கூடு காட்டிக் குடுக்குமே?"

பரமலிங்கத்தார் சட்டைப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்தார். "பார். நாளுக்கு நாலு நிமிசம் முந்துது. உது முந்தேல்லை, நாள் பிந்துது."

"உது நீங்கள் பினாங்குக் கப்பலிலை வாளித் தண்ணிக்குள்ளை போட்ட மணிக்கூடெல்லோ ஐயா!"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய பிள்ளைக்கும் விளங்காத பயத்தைத் தனியாகச் சுமப்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது.

பங்குனியில் இரத்தினம்மா அவருக்குச் சொல்லாமல் தச்சன் அருளம்பலத்தைக் கூப்பிட்டாள். அவன் அறைக்குள் நுழைந்து மேலே பார்த்தான், கீழே பார்த்தான், பிறகு நடுக்கப்பை விரலால் தட்டினான். பறை தட்டியது போல ஓசை வந்தது.

"ஐயா, வைரம் பாயாத பனை. உள்ளுக்கை கறையான். பிள்ளைத்தாச்சியை உதுக்குக் கீழை படுக்க விடாதேங்கோ. ஒரு நாள் வேலை, கப்பை மாத்தி விடுறன்."

"சித்திரை ரெண்டு வரைக்கும் பொறும்."

"கறையான் பொறுக்குமோ ஐயா?"

"அருளம்பலம், நீர் கப்பைப் பற்றிக் கதைக்கிறீர். நான் சூரியனைப் பற்றிக் கதைக்கிறன். எது பெரிசு?"

அருளம்பலம் நியாயமான மனிதன். சூரியன்தான் பெரிது என்று ஒத்துக்கொண்டு, உளியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். இரத்தினம்மா மகளின் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். அங்கே காற்றில்லை என்று பாலேஸ்வரி மறுநாளே அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

சித்திரை இரண்டாம் நாள் வந்தது. பரமலிங்கத்தார் விடியவே முழுகி, திருநீறு பூசி, பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் காத்திருந்தார். உச்சிப் பொழுதுக்குச் சற்று முன் கடதாசியும் கவராயமுமாக அறைக்குள் போனார்.

"பிள்ளை, அரை மணித்தியாலம் வெளியிலை இரு."

"நாரி, இடுப்பெல்லாம் நோகுது ஐயா. நீங்கள் அளவுங்கோ, நான் என்ரை பாட்டிலை கிடக்கிறன்."

வட்டம் கடதாசியில் வந்து விழுந்தது. முதல் வருட வட்டத்துக்கும் இதற்கும் நடுவே, சுற்றிவர, எள்ளை வரிசையாக வைக்கலாம். எள் என்று நினைத்ததே அபசகுனமாகப் பட்டது. மூன்று வருடத்தில் சூரியன் பத்தில் ஒரு பங்கு தூரம் போய்விட்டதா? கவராயத்தின் முனையை வட்டத்தின் நடுவில் ஊன்றினார்.

வட்டம் அசைந்தது.

அவர் கையை எடுத்தார். கை படாமலே வட்டம் துடித்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கச் சற்றுச் சிறுத்தது. பிறகு கடதாசியை விட்டு வழுக்கி, சாணி மெழுகிய நிலத்தால் ஓடி, பாலேஸ்வரியின் வயிற்றின் மேல் ஏறி நின்று நடுங்கியது.

அறுபது வயதை நெருங்கிய மனிதர், ரயில் பாலத்தில் கண்ணை மூடுகிற மனிதர், அப்போது கண்ணை மூடவில்லை.

"கழண்டிட்டுது! பூமி கழண்டிட்டுது! எழும்பு பிள்ளை!" என்று கத்திக்கொண்டு மகளை இரண்டு கையாலும் வாரித் தூக்கி, வாசலால் இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தார். பூமியே கழன்றபின் முற்றத்தில் என்ன பாதுகாப்பு என்று அவர் யோசிக்கவில்லை. பயம் அவ்வளவுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

இரத்தினம்மா அகப்பையோடு குசினியிலிருந்து ஓடி வந்தாள். "உங்களுக்கென்ன விசரோ? பிள்ளைத்தாச்சியைப் போட்டு இப்பிடி இழு..."

அவளுடைய சொல் முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஏதோ முறிந்தது. முகடு ஒருமுறை குனிந்தது. பிறகு வளையும் கிடுகும் மூன்று வருடத்துத் தூசியுமாக முழுக் கூரையும் அறைக்குள் இறங்கியது. பாய் கிடந்த இடத்தில் முகட்டு வளை குறுக்கே கிடந்தது.

பரமலிங்கத்தார் மெல்ல அண்ணாந்து பார்த்தார். சூரியன் உச்சியில், வழக்கமான அளவில், வழக்கமான மூர்க்கத்தோடு நின்றது.

சத்தம் கேட்டு வந்த அருளம்பலம் இடிபாட்டுக்குள் இறங்கி, நடுக்கப்பின் அடியைக் கையால் தோண்டினான். மரம் இருக்கவேண்டிய குழியில் ஈரமண் வந்தது.

"பாத்தியளே, ஒண்டரை அடி கறையான் திண்டிட்டுது. அடி மண்ணாகிப் போக, கப்பு வருசா வருசம் கீழை இறங்கியிருக்கு. மேலாலை ஆரோ தண்ணி விட்ட மாதிரி ஈரம்." பேணித் தகரத்தைத் தூக்கிப் பார்த்தான். "உங்கடை ஓட்டை உந்தக் கப்பிலைதானே ஐயா அடிச்சிருந்தது? ஓட்டை கீழை பதிஞ்சால் வெளிச்ச வட்டம் சிறுக்கும். லாம்பு வெளிச்சத்திலை கையைச் சுவருக்குக் கிட்டக் கொண்டு போனால் நிழல் சிறுக்கிற மாதிரி."

நாலாயிரம் பாலப் படங்கள் கீறிய மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சூரியன் எங்கும் போகவில்லை. மூன்று வருடமாகக் கூரைதான் அவருடைய மகளை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. அது இறங்குவதை அவர் நுணுக்கமாக, தவறில்லாமல், கவராயத்தால் அளந்திருக்கிறார். ஓட்டையைப் போட்டவரும் அவர், மழையை விட்டவரும் அவர், தச்சனைத் திருப்பி அனுப்பியவரும் அவர். அந்த வெயிலில், கம்பளிப் பெனியனுக்குள், முதல்முறையாக அவருக்கு உண்மையிலேயே குளிர்ந்தது.

பன்னிரண்டாம் நாள், இரத்தினம்மாவின் தங்கை வீட்டில், பாலேஸ்வரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கல்வீட்டு வேலை திரும்பத் தொடங்கியது. கப்புகளையும் வளைகளையும் பரமலிங்கத்தார் தாமே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அருளம்பலம் பொறுமையாக நின்றான்.

கொள்கை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "பிழைச்சது கருவி. கொள்கையை இன்னும் ஒருதரும் பிழையெண்டு காட்டேல்லை."

அடுத்த சித்திரை இரண்டாம் நாள் மத்தியானம், மாமரத்துக் கொப்பில் கட்டிய ஏணையில் பேத்தி நித்திரை. இலை இடுக்குகளால் இறங்கிய வெயில், சின்னச் சின்ன வட்டங்களாக ஏணைச் சேலையில் ஆடியது. பரமலிங்கத்தார் பக்கத்தில் நின்றார். சட்டைப் பைக்குள் கவராயத்தின் முனை தெரிந்தது.

"என்ன, அளக்கேல்லையோ?" என்றாள் இரத்தினம்மா.

அவர் வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து கொப்பைப் பார்த்தார். நல்ல தடித்த கொப்பு. எட்டி விரலால் தட்டிப் பார்த்தார். ஓசை உறுதியா பொள்ளலா என்று பிடிபடவில்லை. பிள்ளையை ஏணையிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, குடையை விரித்தபடி வெட்டவெளி முற்றத்தின் நடுவில் போய் நின்றார்.

"ஐயோ, பிள்ளைக்கு வெக்கையெல்லோ!"

"வெக்கை இருக்குத்தானே? இருக்கட்டும்" என்றார் பரமலிங்கத்தார்.