பஸ்ஸை மீட்ட சிங்காரவேலு

சட்டைப் பட்டனைப் பாதிவரை மாட்டியதும் சிங்காரவேலு கண்ணாடிமுன் நின்று வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். மனு கொடுக்கும் கை அது. பிடிக்கிற கோணம் சரியாக இருந்தால்தான் போட்டோவில் முகமும் விழும், மனுவும் விழும். மனு பாதி விழுந்தாலும் பரவாயில்லை. பிறகு பிளாஸ்டிக் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வர்ட்டா?" என்று உள்ளே குரல் கொடுப்பார். மனைவி ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்தே, "மாத்தர போட்டியாய்யா?" என்பாள். போட்டிருக்க மாட்டார்.

வயது ஐம்பத்தெட்டு. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும். எட்டு எண்ணினால்தான் மறுபடி எழும்பும். சர்க்கரை மாத்திரை மேஜை டிராயரிலும், ரத்தக்கொதிப்பு மாத்திரை பில் புத்தகத்துக்குள்ளும் கிடக்கின்றன. டாக்டரிடம் போனால் தன் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார். ஆஸ்பத்திரியில் மின்விசிறி ஓடவில்லை என்று எழுதிய மனுவை அவர் கையிலேயே திணித்துவிட்டு வருவார். தன் நோய்க்கும் ஊர்க் குறைக்கும் அவர் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். சீட்டு வாங்கிவிட்டால் போதும், மருந்தை யாரும் விழுங்க வேண்டியதில்லை.

கரையாம்புத்தூருக்குச் சற்றுத் தள்ளிய ஊர். தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கத்தில் சிங்காரவேலுவின் உரக்கடை இருக்கிறது. கடையை ஒட்டினாற்போலக் கொம்யூன் பஞ்சாயத்து கட்டிய பஸ் நிழற்குடை. அந்தப் பக்கத்தில் ஒரு புங்கமரம், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் அடித்த புயலில் அவருடைய குடோன் தகரம் பறந்துபோனது. உர மூட்டைகளை நிழற்குடைக்குள் அடுக்கினார். "ரெண்டே நாளுபா" என்றார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. யூரியா, பொட்டாஷ், அதற்கு முன்னால் பூச்சிமருந்து டப்பாக்கள். பாகூரில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒரு பெண் வாந்தி எடுத்தாள். மறுநாளிலிருந்து சத்தம் போடாமல் சாலையைத் தாண்டிப் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்கள். புதுச்சேரி அரசு தன் மாணவர்களுக்காக விடும் ஸ்டூடன்ட் பஸ் எட்டு மணிக்கு வந்து ஹாரன் அடித்தால் எல்லாரும் இந்தப் பக்கம் ஓடிவந்து ஏறுவார்கள். மூட்டைமேல் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான்கு தடிப் பையன்கள் மட்டும் நிழற்குடையிலிருந்து ஏறுவார்கள். "மரமும் நெழலுதான? காத்து வேற வருது" என்றார் சிங்காரவேலு, தானே மரம் நட்டதுபோல.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பஸ் வரவில்லை. நிறுத்திவிட்டார்களாம். ஊர் முகம் சுண்டிப்போனது. சிங்காரவேலுவின் முகத்தில் மட்டும் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. அன்று மாலையே முதல் மனு போனது. அக்டோபருக்குள் பதினான்கு ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் நகலிலும் பஸ் விடும் அலுவலகத்தின் வட்ட முத்திரையை வாங்கி, தனித்தனி உறையில் போட்டு வைத்திருந்தார். பொட்டாஷ் வாங்க வந்தவன் முத்திரைகளைப் பார்க்காமல் பொட்டாஷ் வாங்கிப் போக முடியாது.

"பாத்தியா, ரவுண்டு சீலு. வாங்கிக்கினாங்கன்னு அர்த்தம். இனிமே அவுங்க தப்பிக்க முடியாது."

"அப்புறம் போய்க் கேட்டியாண்ணா?"

"கேட்டா நல்லா இருக்காதுபா. பெரிய எடம்."

பெரிய இடம் தப்பிக்க வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்தில், பிளஸ் ஒன் படிக்கும் தீபிகா பாகூருக்குப் போன கதை வேறு. எட்டு கிலோமீட்டர். தனியார் பஸ் சீருடையைக் கண்டால் வேகம் எடுக்கும். அவள் அப்பா பலராமன் டிராக்டர் ஓட்டுகிறவர். வேலை இல்லாத நாளில் பைக்கில் கொண்டுபோய் விடுவார். மற்ற நாளில் நடை, யாராவது ஏற்றிக்கொண்டால் பாதி நடை. பள்ளி போய்ச் சேரும்போது இரண்டாவது பீரியடு நடக்கும். வருகைப் பதிவு இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பலராமன் சத்தமில்லாமல் முடிவெடுத்தார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வில்லியனூர் பக்கம் கம்பெனிக்குப் போவட்டும். பேக்கிங் வேல. வேனு வூட்டு வாசலாண்டயே வருது."

தீபிகாவின் அம்மா ஜெயசுதா டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் உரக்கடை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, பஸ்ஸு இன்னா ஆச்சு?"

"பதினாலாவது மனு குடுத்துட்டேம்மா. பாரு, சீலு."

"சீலு மேல ஏறிக் குந்திக்கினு பாகூர் போவ முடியுமா?"

"ஒனக்கு வெவரம் பத்தலம்மா. பிராசஸ்ல கீது."

"எம் பொண்ணு நடுரோட்டுல கீதுண்ணா."

சிங்காரவேலு சிரித்தார். பொம்பளைகளுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் கருத்து.

மறுநாள் ஜெயசுதா லீவு போட்டுவிட்டுத் தானே அலுவலகத்துக்குப் போனாள். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நகரக் கூடாது என்பது அவள் வார்டில் கற்றது. நகரவில்லை. மதியம் கிளார்க் சலித்துப்போய் ஃபைலை எடுத்துப் பிரித்தார். மேலே பதினான்கு மனுக்கள் நூல் கோத்துக் கிடந்தன. யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றியுரை என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. எத்தனை பிள்ளைகள், எங்கே ஏறுகிறார்கள் என்பது ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் பிப்ரவரி மாதத் தேதியிட்ட ஒற்றைத் தாள். மூன்று நாள் காலையில் வந்து எண்ணிப் பார்த்த செக்கிங் இன்ஸ்பெக்டர் எழுதியது. இந்த நிறுத்தத்தில் ஏறும் புதுச்சேரி மாணவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்து ஏறுகிறார்கள்; நான்கு பேருக்காகப் பஸ் தேவையில்லை. அவர்கள் அந்தப் பக்கத்தவர் என்பதை நிறுத்தத்தை ஒட்டிய கடைக்காரர் சிங்காரவேலு உறுதி செய்தார்.

உறுதி செய்யத்தான் செய்தார். இன்ஸ்பெக்டர் அவர் கடை நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்துக்கொண்டே, "மரத்தாண்ட நிக்கிற பசங்க?" என்று கேட்டபோது சிங்காரவேலுவின் மூளை வழக்கத்துக்கு மாறாக வேகமாக ஓடியது. நம் ஊர்ப் பிள்ளைகள் என்றால், நிழற்குடையை விட்டுவிட்டு அங்கே ஏன் நிற்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பையன்கள் உட்கார்ந்திருந்த மூட்டைமேல் அவர் கடைப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. "அவுங்க அந்தப் பக்கம், சார்" என்றார். பொய் இல்லையே, அந்தப் பக்கம்தானே நிற்கிறார்கள் என்று தனக்கே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மறந்தும் போனார். மறப்பதில் மட்டும் அந்த உடம்புக்கு எந்தக் குறையும் இல்லை.

ஜெயசுதா மறுபடி எண்ண வர ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து வந்து, கடையில் ஆட்கள் இருக்கும்போதே உரக்கப் படித்தாள். சிங்காரவேலு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னுதாம்மா சொன்னேன். அந்தாளு தப்பா எழுதிக்கினாரு. வுடு, பதினஞ்சாவது மனுவுல தெளிவா..."

"மனு வாணாம். வெள்ளிக்கெழம மறுபடி எண்ண வராங்க. மூட்டைய எடு."

"எடுக்கலாம்மா. குடோனுக்குத் தகரம் போட்டதும்..."

"வெள்ளிக்கெழமண்ணா."

உள்ளிருந்து ஆதிலட்சுமி வந்து நின்றாள். "எடுய்யா. மூணு வருசமா சர்க்காரு எடத்துல குடும்பம் நடத்துது உன் மூட்ட. போதும்."

நாற்பத்திரண்டு மூட்டை. சிங்காரவேலு ஒன்றையும் தொடவில்லை. கால் வீக்கம் என்று நாற்காலியில் உட்கார்ந்து கை காட்டினார். கால் வீங்கியிருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டது அன்று ஒருநாள்தான். பலராமன் டிராக்டரைக் கொண்டுவந்து ஏற்றிப்போய்க் கடைக்குப் பின்புறம் இறக்கினார். ஜெயசுதா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள். வெள்ளிக்கிழமை காலை இருபத்தேழு பிள்ளைகள் நிழற்குடைக்குள் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பேரும் வகுப்பும் கேட்டு எழுதிக்கொண்டார். யாரும் கேட்காமலே சிங்காரவேலு அவர் காதருகே போய், "அத்தினி பேரும் நம்ம புள்ளைங்க சார்!" என்றார்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகப் பஸ் வந்தது. அதற்கு முந்தின நாளே பத்தடி ஃப்ளெக்ஸ் வந்திருந்தது. 'பதினான்கு மனுக்கள் தந்து பேருந்தை மீட்ட செயல்வீரர்.' மீசையை முறுக்கிக் கைகூப்பிய படம். கன்னத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் தன் பங்குக்கு இரண்டு கரண்டி வெள்ளை பூசியிருந்தான். தேங்காய் உடைத்தார், டிரைவருக்குச் சால்வை போட்டார், அடுத்த நிறுத்தம்வரை போய்வரலாம் என்று படியில் கால் வைத்தார்.

"பெரியவரே, ஸ்டூடன்ட் மட்டும்தான். எறங்கு" என்றார் கண்டக்டர்.

தீபிகா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். கை காட்டவில்லை. அவளுக்கு முதல் பீரியடில் உயிரியல் டெஸ்ட். ஐந்து மாதத்துக்குப் பிறகு பஸ்ஸில் போய் அவள் நேரத்துக்கு உட்காரப்போகிற முதல் பீரியடு. பஸ் கிளம்பியது. அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. வில்லியனூர் வேன் வேறு யார் வாசலிலோ நின்றது.

தீபாவளி கழிந்து பத்தாம் நாள் காலையில் வானம் கறுத்தது. குடோனுக்குத் தகரம் இன்னும் போட்டபாடில்லை. எட்டு மணிக்குப் பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஜெயசுதாவும் டவுன் பஸ் பிடித்துப் போய்விட்டாள். சிங்காரவேலு வாசலில் இறங்கி நின்று சாலையின் இரண்டு கோடியையும் பார்த்தார். கடைக்குப் பின்னால் போனார். ஒரு மூட்டையைத் தானே, தன் கையாலேயே, தரதரவென்று இழுத்துவந்து நிழற்குடையின் மூலையில் சாத்தினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு. மூச்சு வாங்கியது. நின்று வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு.

சாரல் சாய்வாக உள்ளே அடித்தது. சிங்காரவேலு கம்பத்திலிருந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்து உதறி மூட்டைகளின்மேல் விரித்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி உருவியெடுத்து, முகம் மேலே வருகிற மாதிரி திருப்பிப் போட்டார். காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு செங்கல்லை எடுத்து, மீசையின்மேல் படாமல் பார்த்து, ஓரத்தில் வைத்தார்.